நோயாளியான வைத்தியர்

பிறர் நோயைத் தீர்க்கும் வைத்தியருக்குக் காய்ச்சல் வந்தால் நாம் அநுதாபப்படுகிறோம். அவர் கால் முறிந்து கிடந்தால் போய்ப் பார்த்து வருகிறோம். ஆனால் அவர் மனம் நோய்வாய்ப்பட்டது என்றோ, குடிக்கு அடிமையானார் என்றோ கேள்விப்பட்டால் நமது முகபாவமே மாறிவிடுகிறது. நேற்று வரை அவரிடம் வைத்திருந்த மதிப்பு ஒரு நாளில் போய்விடுகிறது. இதை வைத்தியரும் அறிவார். ஆகையால் தம் நோயை மறைக்கிறார். மறைத்த நோய் வளருகிறது. வளர்ந்த நோயை மேலும் மறைக்க வேண்டியதாகிறது. இந்தச் சுழலில் ஏறத்தாழ 17 வருஷ காலம் அகப்பட்டுக் கிடந்து, பின்னர் கரையேறி, தம்மைப்போல் தத்தளித்த ஆயிரக்கணக்கானோருக்குக் கைகொடுத்த ஓர் அமெரிக்க டாக்டரின் சரித்திரத்தை வாசகர்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறோம்.

ராபர்ட் ஹோல்புருக் ஸ்மித் என்பது அவருடைய முழுப் பெயர். டாக்டர் பாப் என்றால்தான் உலகம் அறியும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வெர்மாண்ட் ராஜ்யத்தைச் சேர்ந்த செயின்ட் ஜான்ஸ்பரி என்னும் சிற்றூரில் 1879-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 8-ந் தேதி பிறந்தார். தகப்பனார் நீதிபதி, ஊரில் பெருமதிப்புள்ளவர். தாயார் மதாசாரங்களில் மிகுந்த கண்டிப்புடையவர். வாரத்தில் பல தடவை மாதா கோவிலுக்குப் போய்த் தீரவேண்டும் என்பது வீட்டு விதி. சொந்தக்காலில் நின்றதும் அந்தப் பக்கமே திரும்புவதில்லை என்று பிள்ளை மனத்திற்குள் தீர்மானித்துக்கொண்டார். பல வருஷங்கள் அதை நிறைவேற்றியும் வந்தார். கண்டிப்பு மட்டுமே ஒருவனைக் காத்துவிடாது என்பதற்கு இவ்விளமைப் பருவமே சாட்சி.

டார்ட்மத் கலாசாலையில் சேர்ந்த பிறகு குடிப்பழக்கம் தொடங்கிற்று. எவ்வளவு குடித்தாலும் மறுநாள் அவருக்குத் தலைவலிகூட வருவதில்லை. நண்பர்கள் இதைத் திறமை என்று மெச்சினார்கள். அவரும் அப்படியே நம்பினார். எச்சரிக்கை செய்ய வேண்டிய உடம்பு எச்சரிக்காமல் இருந்தது அவருக்கு வாய்த்த துரதிருஷ்டம் என்றே நாம் சொல்லுவோம். 1902-ல் பட்டம் பெற்று, மூன்று வருஷம் இரும்புச் சாமான் வியாபாரத்தில் காலம் கழித்து, 1905-ல் மிச்சிகன் சர்வகலாசாலையில் வைத்தியம் படிக்கப் புகுந்தார். குடி அங்கும் தொடர்ந்தது. இடையில் அந்தக் கலாசாலையை விட்டு, சிகாகோவிலுள்ள ரஷ் வைத்தியக் கல்லூரிக்கு மாற நேர்ந்தது. அங்கே ஒரு முக்கியமான பரீட்சையில் பென்சிலைப் பிடிக்க முடியாதபடி கை நடுங்கியதால் மூன்று விடைத்தாள்களை வெறுமையாகவே கொடுத்துவிட்டு எழுந்து வந்தார். மேலும் சில மாதங்கள் மதுவைத் தொடாமல் படித்துக் காட்டவேண்டும் என்று கல்லூரித் தலைவர்கள் நிபந்தனை விதித்தார்கள். அவர் அதை நிறைவேற்றி 1910-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நிபந்தனை இருந்தபோது அவரால் குடிக்காமல் இருக்க முடிந்தது. ஒஹையோ ராஜ்யத்தில் ஆக்ரன் நகரத்து ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக இரண்டு வருஷம் ஓயாமல் உழைத்தபோதும் அவர் குடிக்கவில்லை. பார்ப்பவர்கள் மனவுறுதி வந்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். 1912-ல் அதே நகரத்தில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். கையில் காசும் ஓய்வு நேரமும் சேர்ந்தன. வயிற்றுக் கோளாறுக்கு மதுவே மருந்து என்ற சாக்கும் கிடைத்தது. விட்டதாக எண்ணிய பழக்கம் முன்னிலும் கடுமையாகப் பிடித்துக்கொண்டது. பல தடவை ஆஸ்பத்திரிகளில் தாமே நோயாளியாகப் படுத்தார். 1914-ல் தகப்பனார் ஊரிலிருந்து ஒரு டாக்டரை அனுப்பி மகனை வீட்டுக்கு அழைத்துவரச் செய்தார். மறு வருஷம் ஆன் ரிப்ளி என்னும் பெண்மணியை விவாகம் செய்துகொண்டார். அவ்வம்மையார் அவருக்காகப் பதினேழு வருஷம் காத்திருந்தவர். விவாகத்திற்குப் பிறகு அதே அளவு காலம் அவர் பட்ட துன்பம் சொல்லத் தரமன்று.

1920-ம் வருஷம் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்குச் சட்டம் அமலுக்கு வந்தது. இனித் தமக்கு விமோசனம் என்று ஸ்மித் எண்ணினார். ஆனால் அந்தச் சட்டம் வைத்தியர்களுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. மருந்துக்காக டாக்டர்கள் சாராயம் வாங்கலாம். நோயாளிகளுக்கு விஸ்கி எழுதிக் கொடுக்கலாம். டெலிபோன் புஸ்தகத்தைப் பிரித்து ஏதோ ஒரு பெயரைப் பொறுக்கி, அந்தப் பெயருக்கு மருந்துச் சீட்டு எழுதித் தாமே குடிக்கும் நிலைக்கு வந்துவிட்டார் அவர். போதாதற்குக் கள்ளச் சரக்கு விற்பவர்களும் வீட்டின் பின்படியில் புட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். மதுவிலக்கை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இந்த வரலாற்றைத் தங்கள் கட்சிக்குச் சான்றாகக் காட்டக்கூடும். சட்டம் கடையை மூடும். ஊருக்கு அது பெரிய உபகாரந்தான். நோய் முற்றிப்போனவனைத் தேடிச்சென்று குணப்படுத்தும் வேலை வேறு. அதைச் சட்டத்தின் தலையில் சுமத்திவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது என்பதே இதில் நமக்குத் தெரியும் பாடம்.

அந்த வருஷங்களில் அவர் நடத்திய இரட்டை வாழ்க்கையை நினைத்தால் மனம் பதறுகிறது. அவர் கெட்டிக்கார ரண வைத்தியர். மலக்குடல் நோய்களில் விசேஷத் தேர்ச்சி பெற்றவர். காலையில் கைநடுக்கம் தெரியாமலிருக்க நரம்பை அடக்கும் மருந்துகளை மிதமிஞ்சி விழுங்கிவிட்டு வேலைக்குப் போவார். மாலையில் குடிப்பார். குடி கிடைக்காத இரவில் தூக்கம் வராது என்ற பயம். குடித்தால் சம்பாத்தியம் போய்விடும் என்ற பயம். இவ்விரண்டு பயங்களுக்கு நடுவில் நாட்கள் ஓடின. நிலவறை உத்தரத்தின்மேலும், கரித்தொட்டியிலும், சாம்பல் தொட்டியிலும், கதவு நிலையின் மேலும் புட்டிகளை ஒளித்து வைப்பார், மனைவி தேடுவார். சிறு புட்டிகளைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குள் வருவார். பகற்பொழுதில் நகரத்தாரால் டாக்டர் என்று வணங்கப்படுபவர் இரவில் தம் வீட்டிலேயே திருடனைப்போல் நடமாடினார். கடன் ஏறிற்று, சிநேகிதர்கள் குறைந்தார்கள், பிள்ளைகள் இருவரும் அந்த நிழலிலேயே வளர்ந்தார்கள்.

மது மனித உடம்பில் என்ன செய்கிறது என்பதை அவர் அறியாதவரல்லர். ஈரலையும் நரம்பையும் பற்றி அவர் பிறருக்குப் பாடம் சொல்லக்கூடியவர். அறிவு குறைந்ததால் அவர் கெடவில்லை. தமக்கு இந்த நோய் என்று வாய்விட்டுச் சொல்ல ஓரிடம் இல்லாததே அவருடைய பெருங்குறை. 1933 முதல் ஆக்ஸ்போர்டு கோஷ்டி என்னும் மத சங்கத்தாரின் கூட்டங்களுக்கு மனைவியோடு போய் வந்தார்; பல நூல்களைப் படித்தார். குடி நிற்கவில்லை. ஏனெனில் கூட்டத்தில் எல்லாரும் தத்தம் குறைகளைச் சொல்ல, அவர் தம் குறையைமட்டும் சொல்லாமலே உட்கார்ந்திருந்தார். 1935-ம் வருஷத்து வசந்த காலத்தில் ஹென்ரியெட்டா ஸைபர்லிங் என்னும் அம்மையார், நண்பர்கள் சிலரைமட்டும் கூட்டி, ஒவ்வொருவரும் மிகவும் மறைத்து வைத்திருப்பதைச் சொல்லும்படி செய்தார். அன்றுதான் தாம் ரகசியக் குடிகாரர் என்பதையும், நிறுத்த முடியவில்லை என்பதையும் ஸ்மித் சொன்னார். அவர் வாழ்க்கையில் திருப்பம் ஏற்பட்டது அந்தப் பொழுதிலேதான் என்று நாம் கருதுகிறோம்.

சில வாரங்கள் சென்றன. மே மாதம் 11-ந் தேதி, ஆக்ரன் நகரத்து ஹோட்டல் ஒன்றில் நியூயார்க்கிலிருந்து வந்த பில் வில்ஸன் என்னும் பங்கு வியாபாரி தனியே நின்றுகொண்டிருந்தார். வந்த காரியம் தோற்றுப்போயிற்று. கையில் பணமில்லை. ஒரு புறத்தில் மதுச்சாலையின் ஆரவாரம் கேட்டது. வில்ஸனும் குடியால் அழிந்தவர். குடியை விட்டு ஐந்து மாதந்தான் ஆகியிருந்தது. அந்த ஐந்து மாதங்களில் நியூயார்க்கில் எத்தனையோ குடிகாரர்களுக்கு அவர் புத்தி சொல்லிப் பார்த்தார், ஒருவரும் திருந்தவில்லை. ஆனால் அவர்களோடு பேசிய காலத்தில் தாம் குடிக்கவில்லை என்பது அன்று அவர் நினைவுக்கு வந்தது. இவ்வூரிலும் ஒரு குடிநோயாளியைக் கண்டு பேசினாலன்றித் தாம் பிழைக்க முடியாது என்று பயந்தார். டெலிபோனை எடுத்து ஒரு பாதிரியாரைக் கூப்பிட்டார். பலரை விசாரித்த பின்பு பேச்சு ஸைபர்லிங் அம்மையாரிடம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் மாலை, அம்மையார் வீட்டில், டாக்டரும் வியாபாரியும் சந்தித்தார்கள்.

கால்மணி நேரத்துக்கு மேல் இருப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார் ஸ்மித். ஆறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். வில்ஸன் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. நியூயார்க் டவுன்ஸ் ஆஸ்பத்திரியில் அவரைக் குணப்படுத்திய டாக்டர் ஸில்க்வொர்த், உபதேசத்தைக் குறைத்து, முதலில் நோயின் கொடுமையைச் சொல்லும்படி யோசனை கூறியிருந்தார். வில்ஸன் அப்படியே தம் சொந்தக் கதையைச் சொன்னார். தமக்கு உதவி வேண்டியே வந்திருப்பதாகவும் சொன்னார். ஸ்மித்துக்கு இது புதிய அநுபவம். இதுவரை அவரிடம் பேசியவர்கள் எல்லாரும் மேட்டில் நின்று பேசினார்கள். இவரோ அதே பள்ளத்தில் கிடந்து எழுந்தவர். டாக்டருக்கு ஒரு நோயாளி டாக்டரானார். அந்த நோயாளிக்கு டாக்டரும் மருந்தானார்.

இதனால் ஒரே இரவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். வில்ஸன் ஸ்மித்தின் வீட்டிலேயே தங்கினார். ஜூன் மாதம் அமெரிக்க வைத்திய சங்கத்தின் மகாநாட்டிற்காக அட்லாண்டிக் ஸிட்டிக்குச் சென்ற ஸ்மித், ரயிலிலேயே குடிக்கத் தொடங்கி, நினைவிழந்த நிலையில் திரும்பி வந்தார். வில்ஸனும் மனைவியும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, பக்கத்திலிருந்து பேணினார்கள். சில நாளில் ஒரு ரண சிகிச்சை செய்யவேண்டியிருந்தது. அன்று காலை கைநடுக்கம் அடங்கும்பொருட்டு வில்ஸன் ஒரு புட்டி பீர் கொடுத்தார். அதுவே அவர் கடைசியாகக் குடித்தது. சிகிச்சை முடிந்ததும் அவர் நேரே வீடு திரும்பவில்லை. கடன்காரர்களிடமும், தம்மால் மனம் நொந்தவர்களிடமும் தேடிச் சென்று உண்மையைச் சொல்லிவிட்டு, பல மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தார். அந்த நாளை ஜூன் 10 என்று வைத்து, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் வெளியிடாத குடிநோயாளர் சங்கம், தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. அதன்பிறகும் ஏறத்தாழ இரண்டரை வருஷம் மது வேட்கை அவரை விடவில்லை. வேட்கை இருந்தும் அவர் குடிக்கவில்லை.

அவர்கள் இருவரும் அம்மாதத்திலேயே மூன்றாமவரைத் தேடினார்கள். ஆக்ரன் ஆஸ்பத்திரியில், தாதிகளை அடித்ததற்காகக் கட்டிலோடு கட்டப்பட்டிருந்த ஒரு வக்கீல் கிடைத்தார். ஆறு மாதத்திற்குள் எட்டுத் தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தவர் அவர். இருவரும் கட்டிலருகே அமர்ந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். சில நாளில் அவர் மனைவியுடன் வீடு சென்றார். பிறகு சாகும்வரையில் குடிக்கவில்லை. 1937-ம் வருஷ முடிவில் கணக்குப் பார்த்தபோது, ஆக்ரனிலும் நியூயார்க்கிலுமாக நாற்பது பேர் வரையில் குடியை விட்டு நிலைத்திருப்பது தெரிந்தது. எண்ணிக்கை சிறியது. ஆயினும் எல்லா வைத்தியர்களாலும் கைவிடப்பட்ட நாற்பது பேர் என்பதை நினைத்தால் அதன் பெருமை விளங்கும். 1939-ல் தங்கள் அநுபவத்தையும் பன்னிரண்டு படிகளையும் புஸ்தகமாக வெளியிட்டார்கள். தன் பலத்தால் மட்டும் முடியவில்லை என்று ஒப்புக்கொள்ளுதல், தன் குற்றங்களைக் கணக்கெடுத்தல், தீங்கு செய்தவர்களுக்கு ஈடு செய்தல், பிறகு இன்னொரு நோயாளிக்குத் துணைபுரிதல் என்பன அவற்றின் சாரம். கடவுளைப் பற்றிய பேச்சும் அவற்றில் உண்டு. எந்தக் கடவுள் என்பதை அவரவர் கருத்துக்கே விட்டுவிட்டார்கள். தங்கள் செலவுக்கு வெளியார் பணத்தை வாங்குவதில்லை என்பதும் நாளடைவில் அச்சங்கத்தின் கொள்கையாயிற்று.

டாக்டர் பாப் வைத்தியத்தைத் துறந்து சந்நியாசியானவரல்லர். குடிநோயாளியை முதலில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்து உடம்பைத் தேற்றவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். ஆனால் அக்காலத்து ஆஸ்பத்திரிகள் குடிகாரனுக்குக் கட்டில் கொடுக்க மறுத்தன. ஆக்ரனில் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சேர்க்கும் பொறுப்பு ஸிஸ்டர் இக்னேஷியா என்னும் கன்னிகாஸ்திரீயிடம் இருந்தது. அயர்லாந்தில் பிறந்த அவர் முன்பு சங்கீத ஆசிரியை. வேலையின் பாரத்தால் நரம்புத் தளர்ச்சி கண்டு, நோயில் கிடந்து தேறியவர். மனம் உடைவது எப்படியிருக்கும் என்பதைத் தம் அநுபவத்தால் அறிந்த அவ்வம்மையார் டாக்டர் பாபின் வேண்டுகோளைத் தட்டவில்லை. 1939 ஆகஸ்டு மாதத்தில், வயிற்று அழற்சி என்று புஸ்தகத்தில் பதிந்து, முதல் குடிநோயாளியைச் சேர்த்துக்கொண்டார். தனி அறை இல்லாதபடியால் நோயாளிகளுக்கு வரும் புஷ்பங்களைச் சீர்செய்யும் சிற்றறையில் கட்டில் போடப்பட்டது. நோயின் பெயரைச் சொல்லவும் கூசிய காலம் அது. அங்கிருந்து தொடங்கி, 1950 வரையில், ஏறத்தாழ 5,000 குடிநோயாளிகளுக்கு அவ்விருவரும் அந்த ஆஸ்பத்திரியில் துணைபுரிந்தார்கள். இவர்களிடம் தம் வைத்தியத்துக்கு டாக்டர் பாப் கட்டணம் வாங்கவில்லை. அவர் அச்சமயம் செல்வந்தரல்லர் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் உதவும்போது தாம் மறுபடி வழுக்கி விழாமல் தம்மைக் காத்துக்கொள்வதாகவே அவர் கருதினார்.

டாக்டர் பாபுக்குப் பின் நடந்தவற்றையும் சுருங்கச் சொல்லுவோம். குடிநோயுற்ற டாக்டர்கள் தங்களுக்குள் கூடிப் பேசுவதற்கென்று 1949-ல் ஒரு தனிக் கூட்டம் அமெரிக்காவில் ஏற்பட்டது. அது சர்வதேச சங்கமாக வளர்ந்து இன்றும் நடைபெறுகிறது. எந்த வைத்திய சங்கத்தின் மகாநாட்டுக்குப் போகும் வழியில் டாக்டர் பாப் கடைசியாக வழுக்கி விழுந்தாரோ, அதே சங்கம் 1956-ல் குடிநோயாளிகளை மற்ற நோயாளிகளைப்போல் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கவேண்டும் என்று தீர்மானித்தது. 1973-ல் நோயுற்ற வைத்தியரைப் பற்றி அறிக்கை வெளியிட்டு, மனநோயும் குடியும் வைத்தியர்களையும் பற்றும் என்பதை ஒப்புக்கொண்டது. அதன்பின் பல ராஜ்யங்களில், நோயுற்ற டாக்டர்களுக்குச் சிகிச்சையளித்துக் கண்காணித்து மீண்டும் தொழிலில் அமர்த்தும் ஏற்பாடுகள் உண்டாயின. 10,000-க்கு மேற்பட்டோர் பங்குகொண்ட 27 ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை 2020-ல் வெளிவந்தது. குடியை அறவே விட்டிருக்கச் செய்வதில், இச்சங்கத்தோடு நோயாளிகளை முறையாக இணைக்கும் சிகிச்சை மற்றச் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ அவற்றைவிட மேலாகவோ பயன் தருகிறது என்பது அதன் முடிவு.

இதனால் கூட்டத்துக்குப் போனாலே போதும், டாக்டர் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அது பெரும் பிழை. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து வரக்கூடும். அப்பொழுது வைத்தியரின் மேற்பார்வை அவசியம். குடிவேட்கையைக் குறைக்கும் மருந்துகளும் இக்காலத்தில் இருக்கின்றன. சங்கத்தின் வழி எல்லாருக்கும் பொருந்துவதும் இல்லை. சுய உதவி என்றால் தன்னந்தனியே போராடுவது என்று சிலர் பொருள் கொள்ளுகிறார்கள். டாக்டர் பாப் தன்னந்தனியே 17 வருஷம் போராடித் தோற்றவர். தனக்கு உதவி வேண்டும் என்று கேட்டதே அவர் செய்துகொண்ட முதல் சுய உதவி.

1949 ஜூன் மாதம் ஆன் அம்மையார் காலமானார். டாக்டர் பாபையும் புற்றுநோய் பற்றியது. வாழ்நாள் முழுவதும் எந்தக் குடலின் நோய்களுக்குச் சிகிச்சை செய்தாரோ அதே குடலில் நோய் கண்டது. 1950 ஜூலை மாதம் கிளீவ்லண்டில் நடந்த முதல் சர்வதேச மகாநாட்டுக்குத் தளர்ந்த உடம்போடு வந்தார். நெடுநேரம் பேச முடியவில்லை. எல்லாவற்றையும் எளிமையாக வைத்துக்கொள்ளும்படியும், அன்பையும் தொண்டையும் மறவாமல், நாவை அடக்கும்படியும் கேட்டுக்கொண்டு விடைபெற்றார். அவ்வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி ஆக்ரனில் உயிர் நீத்தார். கடைசியாகக் குடித்து அப்போது 15 வருஷம் கடந்திருந்தது. பெரிய ஞாபகச் சின்னம் எழுப்ப அன்பர்கள் விரும்பியதை முன்பே தடுத்துவிட்டார். ஆக்ரன் மயானத்தில் கணவன் மனைவி இருவர் பெயரையும் தாங்கிய சாதாரணக் கல் ஒன்று நிற்கிறது. அவர் ஸ்தாபித்த சங்கத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

குடியின் தீமையை எதிர்த்து மேடையில் பேசுவோர் நம்மில் பலர். பேசவேண்டியதுதான். ஆனால் நம் பேச்சைக் கேட்கும் கூட்டத்தில் ஒரு டாக்டர் பாபும் உட்கார்ந்திருக்கக்கூடும்; உபாத்தியாயராகவோ, வக்கீலாகவோ, தேசத் தொண்டராகவோ அவர் இருக்கலாம். நமது ஏளனம் அவர் வாயை அடைத்துவிடும்; அவர் புட்டியை இன்னும் ஆழமாக ஒளித்துவைப்பார். நோய் என்று சொல்லிக்கொண்டு வருபவனைக் குற்றவாளியாக்காமல் உட்காரவைத்துக் கேட்பதற்கு நாம் பழகவேண்டும். வைத்தியர்களுக்கும் ஒன்று சொல்லுவோம். உங்கள் நோயாளி உங்களிடம் எதையும் மறைக்கக்கூடாது என்று எதிர்பார்க்கிறீர்கள். உங்களுக்கு மனநோய் வந்தாலும் அந்த விதி மாறுவதில்லை. இன்னொரு வைத்தியரிடம் போங்கள். அதே துன்பத்தைக் கடந்து வந்த ஒருவரைத் தேடிப் பேசுங்கள். நகரமே வணங்கிய ஒரு ரண வைத்தியர் தம் குறையைச் சொன்னதால் தாழ்ந்துபோகவில்லை. அவர் வாய் திறந்த பிறகே ஐயாயிரம் பேருக்கு உதவ முடிந்தது.